ரூத் ஃபாவ்: கராச்சியின் குடிசைப் பகுதியிலிருந்து 157 தொழுநோய் மையங்கள் வரை

பாகிஸ்தானில் தொழுநோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1996-இல் அறிவித்தது. ஆசியாவில் அந்த நிலையை முன்னதாக எட்டிய நாடுகளில் அது ஒன்று. மலைப்பகுதிகளில் சாலை கிடையாது, பாலைவனத்தில் மருத்துவர் கிடையாது, பெண் நோயாளியின் முதுகைப் பார்க்க ஆண் பணியாளருக்கு அனுமதி கிடையாது. அப்படியிருந்தும் இது எப்படி முடிந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: டாக்டர் ரூத் ஃபாவ், ஜெர்மனியிலிருந்து வந்த கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி.

பத்திரிகைகள் அவரைப் 'பாகிஸ்தானின் அன்னை தெரசா' என்று எழுதின. பாராட்டாகத்தான் எழுதினார்கள். ஆனால் அந்தப் பட்டம் அவர் செய்த வேலையில் பாதியை மறைத்துவிடுகிறது. புண்ணைக் கழுவிக் கட்டியது, நோயாளியின் தோளில் கை போட்டுப் பேசியது எல்லாம் உண்மை. மீதி வேலை நோயாளர் பதிவேடு, மாதாந்தரச் சுற்றுப்பயணம், பயிற்சி வகுப்பு, அரசாங்கக் கோப்பு என்று படத்தில் அழகாக விழாதவை. நோயைக் குறைத்தவை இவைதான். இந்த ஆய்வு அந்தப் பாதியைப் பற்றியது.

சிட்டி ஸ்டேஷனுக்குப் பின்னால்

பிரிவினைக்கு முன் கராச்சி சில லட்சம் பேர் வாழ்ந்த துறைமுக நகரம். 1947-இல் இந்துக்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். வட இந்தியாவிலிருந்தும் குஜராத், ஹைதராபாத் பக்கங்களிலிருந்தும் உருது, குஜராத்தி பேசும் முஸ்லிம் அகதிகள் வந்து இறங்கினார்கள். 1951 கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. சிந்திகள், மக்ரான் கரையின் பலூச்சிகள், பார்சிகள், கோவாக் கத்தோலிக்கர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். வேலை தேடி வடமேற்கிலிருந்து பஷ்தூன்களும் பஞ்சாபிகளும் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிப் பேட்டை, தனி மொழி, தனி சங்கம். இத்தனை பேரும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தது தொழுநோய்க் குடியிருப்பில்தான். குடும்பமும் குலமும் கைவிட்ட பிறகு பஷ்தூன் என்ன, பலூச்சி என்ன.

அந்தக் குடியிருப்பு மெக்லியோட் சாலையை ஒட்டி, சிட்டி ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருந்தது. மெக்லியோட் சாலைக்கு இன்று ஐ.ஐ. சுந்த்ரிகர் சாலை என்று பெயர். பாகிஸ்தானின் பெரிய வங்கிகள் வரிசையாக நிற்கும் தெரு. அதன் முதுகுப்புறத்தில் திறந்த சாக்கடை ஓரமாகச் சாக்கும் தகரமும் கொண்டு கட்டிய குடிசைகள். இரவில் எலிகள் வந்து உணர்ச்சியற்ற விரல்களைக் கடித்துவிட்டுப் போகும். தூங்குகிறவருக்கு வலிக்காது, காலையில்தான் தெரியும். 1950-களின் பிற்பகுதியில் மரியாவின் இருதயப் புதல்வியர் சபையைச் சேர்ந்த மெக்சிகோ நாட்டு மருந்தாளுநர் பெரனிஸ் வர்காஸ் அங்கே ஒரு சிறு மருந்தகத்தைத் தொடங்கியிருந்தார்.

நகரத்தில் தொழுநோய்க்கு வேறு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. வடக்கே மங்கோபீரில் ஹீரானந்த் பெயரில் பழைய தொழுநோய் விடுதி ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இருந்தது. அருகில் கந்தக வெந்நீர் ஊற்று, முதலைகள் வாழும் குளத்தோடு ஒரு தர்கா. தோல் நோய்க்காரர்கள் அந்த ஊற்றில் குளித்துப் பலன் தேடி வெகுகாலமாக வந்துகொண்டிருந்தார்கள். விடுதி என்பது ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு. அங்கே போனவர் திரும்புவதில்லை. ஆகவே நோயின் தொடக்கத்தில் யாரும் அங்கே போவதுமில்லை. முற்றிய பிறகு போனால் சிகிச்சைக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

வந்தவர்

ரூத் கதரினா மார்த்தா ஃபாவ் 1929 செப்டம்பர் 9 அன்று லைப்சிக் நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் வீடு குண்டுவீச்சில் அழிந்தது. போருக்குப் பின் சோவியத் பிடியிலிருந்த கிழக்குப் பகுதியிலிருந்து மேற்கு ஜெர்மனிக்குத் தப்பிப் போய் மைன்ஸிலும் மார்பூர்கிலும் மருத்துவம் படித்தார். 1953-இல் கத்தோலிக்கரானார், 1957-இல் மரியாவின் இருதயப் புதல்வியர் சபையில் சேர்ந்தார்.

இந்தச் சபை பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பிறந்தது. துறவற சபைகளை அரசு தடை செய்திருந்த நேரம் அது. அதனால் இவர்களுக்குச் சீருடையும் இல்லை, மடத்துக்குள்ளேயே வாழவேண்டும் என்ற விதியும் இல்லை. பாரிஸில் 18-ஆம் நூற்றாண்டில் எடுத்த அந்த முடிவு கராச்சியில் கைகொடுத்தது. ஃபாவ் சல்வார் கமீஸ், துப்பட்டாவோடுதான் கடைசிவரை நடமாடினார். மதமாற்றத்துக்கு வந்திருக்கிறார்களோ என்று சந்தேகிக்கும் ஊரில், பஷ்தூன் வீட்டின் பெண்கள் பகுதிக்குள் நுழைகிறவர் வெள்ளை அங்கியும் சிலுவையும் அணிந்திருந்தால் கதவு எத்தனை தரம் திறந்திருக்கும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

சபை அவரை அனுப்பியது இந்தியாவுக்கு. விசா சிக்கலால் 1960 மார்ச்சில் கராச்சியில் தங்க நேர்ந்தது. தோழியரோடு மெக்லியோட் சாலைக் குடியிருப்புக்குப் போனார். அங்கே தன் வயதே இருக்கும் ஒரு பஷ்தூன் இளைஞர் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து மருந்தகத்துக்குள் வந்ததைப் பற்றியும், அப்படி வருவதுதான் இயல்பு என்பதுபோல அவர் நடந்துகொண்டதைப் பற்றியும் ஃபாவ் பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். இந்தியப் பயணம் அத்தோடு நின்றது. 57 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 1988-இல் பாகிஸ்தான் குடியுரிமையும் பெற்றார்.

வேலூரில் கற்க வேண்டியிருந்தது என்ன

ஃபாவ் தொழுநோய் நிபுணராக வரவில்லை. 1961-இல் தென்னிந்தியாவுக்கு வந்து, வேலூரில் தொழுநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அந்தக் காலத்தில் அதைவிடப் பொருத்தமான இடம் உலகில் அதிகம் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியிலேயே மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீட்கத் தொடங்கியிருந்தார். பக்கத்திலுள்ள கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை 1955 முதல் இயங்கிவந்தது.

வேலூர் மருத்துவர்கள் உறுதிப்படுத்திய விஷயம் எளிமையானது, ஆனால் அதுவரை நிலவிய நம்பிக்கையைத் தலைகீழாக்கியது: தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதில்லை. கிருமி குளிர்ச்சியான இடங்களில், தோலுக்கு அடியில் ஓடும் நரம்புகளில் தங்குகிறது. முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கும். முழங்காலுக்கு வெளியே ஓடுவது கெட்டால் பாதம் தொங்கும். கணுக்காலின் உட்பக்க நரம்பு கெட்டால் உள்ளங்கால் மரத்துப்போகும். முக நரம்பு கெட்டால் இமை மூடாது, கண் காய்ந்து பார்வை போகும். விரலைக் குட்டையாக்குவது மரத்துப்போன கையால் தொட்ட சூடான பாத்திரமும், செருப்பில் ஏறிய ஆணியும், யாரும் கவனிக்காமல் விட்ட புண்ணும், எலும்புவரை போன சீழும்தான். அப்படியென்றால் ஊனத்தைத் தடுக்கலாம்.

இன்னொரு உண்மை எண்ணிக்கை பற்றியது. மனிதர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. கிருமி இரண்டாகப் பிரிய இரண்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகும். இந்தக் கணக்கு தெரிந்தவர் குடியிருப்பு கட்டமாட்டார். நோயாளியை ஊரிலிருந்து பிரித்தெடுக்கும்போது அவர் வீட்டிலிருந்த சிலருக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கும். அது வெளியே தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆகும். நோயாளி தன் வீட்டிலேயே இருக்க, பணியாளர் அங்கே போக வேண்டும். ஃபாவின் மொத்தத் திட்டமும் இந்த ஒரு முடிவிலிருந்து பிறந்தது.

சதர் பகுதியில் மையம்

1963-இல் நகரின் நடுவே சதர் பகுதியில் ஒரு கட்டடம் வாங்கி மருத்துவமனை தொடங்கினார்கள். மேரி அடிலெய்ட் தொழுநோய் மையம் என்று பெயர். சபையைத் தொடங்கிய அடிலெய்ட் த சிசே அம்மையாரின் பெயர் அது. ஊருக்கு வெளியே ஒதுக்கமாக இல்லாமல் கடைவீதிக்கு நடுவே தொழுநோய் மருத்துவமனை என்பது அன்றைக்குச் சாதாரண முடிவல்ல. ஆனால் பேருந்து வந்து நிற்கும் இடத்தில் இருந்தால்தான் குவெட்டாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வருகிறவர் விசாரித்துக்கொண்டு வந்து சேர முடியும்.

பணம் பெரும்பாலும் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பூர்க் நகரிலுள்ள தொழுநோய் நிவாரண அமைப்பிடமிருந்து வந்தது. ஆட்கள் கராச்சியிலிருந்து வந்தார்கள், கவனிக்க வேண்டியது இது. தோல் மருத்துவர் டாக்டர் ஸரீனா ஃபஸல்போய் சிகிச்சையிலும் பின்னர் பயிற்சியிலும் ஃபாவுக்கு இணையாக நின்ற முஸ்லிம் பெண்மணி. டாக்டர் ஐ.கே. கில் நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்குமான சமூகப் பணியைக் கட்டி எழுப்பினார். கோவாக் கத்தோலிக்கர்கள் அலுவலகத்திலும் வார்டிலும் இருந்தார்கள். குணமான நோயாளிகளும் அவர்கள் பிள்ளைகளும் பணியாளர்களானார்கள். 'பல சமூகத்தார் ஒன்றாக' என்று மேடையில் முழங்குவதற்காகச் செய்த ஏற்பாடு இல்லை இது. பஷ்தோ பேசும் நோயாளிக்கு மருந்து முறையை உருதுவில் சொல்லி அனுப்பினால் அவர் அடுத்த மாதம் வரமாட்டார், அவ்வளவுதான் காரணம்.

டெக்னீஷியன் என்ற ஆள்

மருத்துவர்களை வைத்துத் தொழுநோயை ஒழிக்க முடியாது என்பதை மையம் சீக்கிரமே புரிந்துகொண்டது. பலூசிஸ்தானின் உள்ளூருக்கு மருத்துவர் போவதே அபூர்வம், போனாலும் தங்கமாட்டார். ஆகவே 1960-களில் தொழுநோய் டெக்னீஷியன் பயிற்சியைத் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்பு முடித்த இளைஞரை அவர் ஊரிலிருந்தே தேர்ந்தெடுத்து, கராச்சியில் பயிற்சி கொடுத்து, மறுபடி அந்த ஊர்ப் பக்கத்துக்கே அனுப்புவது. மொழி கற்பிக்க வேண்டாம், வழி காட்ட வேண்டாம், எந்த வீட்டுக்கு யாரைக் கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்றும் சொல்ல வேண்டாம்.

தொழுநோய்க் களப்பணியில் அந்த ஆள் செய்யவேண்டிய வேலைகளைப் பார்த்தால் பயிற்சியின் கனம் புரியும். முதலில் கண்டுபிடித்தல். பகல் வெளிச்சத்தில் உடல் முழுவதையும் பார்க்க வேண்டும். வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருக்கிறதா என்று தேடி, அதன்மேல் பஞ்சு நூலாலோ பேனா முனையாலோ தொட்டு, நோயாளி கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தைச் சுட்டிக் காட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும். உணர்ச்சி இல்லாத தேமல் என்றால் தொழுநோய். அரிப்பெடுக்கும் தேமல் என்றால் பெரும்பாலும் இல்லை. அடுத்து நரம்புகளைத் தடவிப் பார்ப்பது: முழங்கை, முழங்காலின் வெளிப்புறம், கணுக்கால், காதுக்குக் கீழே கழுத்து. தடித்திருக்கிறதா, வலிக்கிறதா என்று இருபுறமும் ஒப்பிட வேண்டும். புதியவர்கள் இங்கேதான் தவறுவார்கள்; ஒல்லியான ஆளின் இயல்பான நரம்பையே தடித்ததாக எழுதிவிடுவார்கள்.

பிறகு தோல் மாதிரி. காது மடலை விரலால் இறுக்கிப் பிடித்து இரத்த ஓட்டத்தை நிறுத்தி, 5 மி.மீ. நீளம், 2 மி.மீ. ஆழம் கீறி, கீறலின் பக்கவாட்டைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் தடவ வேண்டும். இரத்தம் கலந்துவிட்டால் மாதிரி வீண். பிடி தளர்ந்தால் இரத்தம் வரும், ஆழம் குறைந்தால் கிருமி வராது. சாயமேற்றி நுண்நோக்கியில் பார்த்து, கிருமி எவ்வளவு இருக்கிறது என்பதை 0-விலிருந்து 6 வரை மதிப்பிடுவார்கள்.

மருந்து கொடுப்பது இதற்கெல்லாம் பிறகுதான். தொடக்கத்தில் கையிலிருந்தது டாப்சோன் ஒன்றே: தினம் 100 மி.கி., பல ஆண்டுகள், கிருமி அதிகமுள்ள வகைக்கு ஏறக்குறைய ஆயுள் முழுவதும். மாத்திரை மலிவு. ஆனால் உடம்பில் வலியோ காய்ச்சலோ இல்லாத ஒருவரைப் பத்து ஆண்டு மாத்திரை விழுங்க வைப்பது எந்த ஊரிலும் நடக்காத காரியம். விட்டு விட்டுச் சாப்பிட்டதால் மருந்தை எதிர்க்கும் கிருமி தோன்றியது. 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது: மாதம் ஒருமுறை பணியாளர் கண்முன் ரிஃபாம்பிசின் 600 மி.கி., குளோஃபாசிமின் 300 மி.கி.; வீட்டில் தினமும் டாப்சோன் 100 மி.கி., குளோஃபாசிமின் 50 மி.கி. கிருமி அதிகமுள்ளவர்களுக்கு முதலில் குறைந்தது 24 மாதம், 1990-களின் பிற்பகுதியிலிருந்து 12 மாதம். கிருமி குறைந்தவர்களுக்கு அன்றைய முறைப்படி குளோஃபாசிமின் இல்லாமல் 6 மாதம். மாதாந்தர வேளையை நேரில் விழுங்க வைக்க ஆள் தேவை. அந்த ஆட்களை ஃபாவின் திட்டம் ஏற்கெனவே ஊர் ஊராக நிறுத்திவைத்திருந்தது. புதிய மருந்து வந்தபோது பாகிஸ்தான் வேகமாக நகர முடிந்ததற்கு இதுவே முதற்காரணம்.

எங்கே இடறியது

மருந்து வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இடறல்கள் பெரும்பாலும் மருத்துவப் புத்தகத்தில் ஒரு வரியில் முடிகிறவை, களத்தில் நோயாளியையே இழக்கச் செய்கிறவை.

குளோஃபாசிமின் தோலைக் கருஞ்சிவப்பாக்கும். வெளுத்த நிறமுள்ள வடக்குப் பகுதி மக்களுக்கு அது நோயைத் தெருவில் அறிவிப்பதற்குச் சமம். முகம் மாறியதும் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு வெறும் அட்டையைக் கொண்டுவந்து காட்டுவார்கள். நிறுத்திய பிறகு மாதங்கள் கழித்து நிறம் திரும்பும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிறகு சொல்லிப் பயனில்லை. ரிஃபாம்பிசின் குடித்த அன்று சிறுநீர் சிவக்கும்; அதையும் முன்னதாகச் சொல்ல வேண்டும். டாப்சோன் சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சிலருக்குத் தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலோடு உடல் முழுதும் தோலுரியும். பின்னதில் மருந்தை அன்றே நிறுத்தாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இவற்றையெல்லாம்விடப் பெரியது எதிர்வினை. கிருமி சாகும்போது உடல் காட்டும் ஆவேசம் அது. தேமல் வீங்கிச் சிவக்கும், நரம்பு வலிக்கும், ஒரு வாரத்தில் கை மடங்கிப்போகும். நோயாளியின் கண்ணுக்கு, மருந்து சாப்பிடும்வரை நன்றாக இருந்த கை மருந்தால் போயிற்று. அவர் மருந்தை நிறுத்துவார், ஊரில் நாலு பேருக்கும் சொல்வார். செய்யவேண்டியது நேர்மாறு: கூட்டு மருந்தை நிறுத்தாமல், வீக்கத்தை அடக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையைத் தினம் 40 மி.கி. அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்துப் பல வாரங்கள் கொடுக்க வேண்டும். நரம்பு செயலிழந்து 6 மாதம் கடந்துவிட்டால் மீள்வது அரிது. மாதம் ஒருமுறை சுற்றுக்குப் போகும் டெக்னீஷியன் ஒவ்வொரு முறையும் சுண்டுவிரலை விரிக்கச் சொல்லி, கட்டைவிரலை நிமிர்த்தச் சொல்லி, பாதத்தை மேலே தூக்கச் சொல்லிச் சோதிக்க வேண்டியது இதற்காகத்தான். மாத்திரை மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறவர் கிருமியைக் கொல்வார், கையை இழக்கவிடுவார்.

பர்தா இன்னொரு தடை. ஆண் டெக்னீஷியன் பெண்களின் முகத்தையும் கையையும் பார்ப்பதே பெரிது. தேமலோ முதுகிலும் புட்டத்திலும் இருக்கும். எனவே பெண்களின் நோய் தாமதமாகத்தான் பதிவேட்டுக்கு வரும். பதிவேட்டில் ஆண்கள் அதிகமிருந்தால் நோய் ஆண்களுக்கே அதிகம் என்று படிப்பது அவசரம். ஃபாவ் பெண்ணாகவும் மருத்துவராகவும் இருந்தது இங்கே நேரடிப் பலன் தந்தது. ஆனால் ஒரு ஆள் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? இந்த ஓட்டையைத் திட்டம் முழுமையாக அடைத்தது என்று சொல்ல மாட்டோம்.

ஒளித்து வைத்தல் தனிக் கதை. மலைப் பகுதிகளில் நோயாளிகளைக் குகையிலும் மாட்டுத் தொழுவத்திலும் அடைத்து வைத்திருந்ததை அவர் குழு கண்டிருக்கிறது. ஜீப் போகிற வரை ஜீப்பில் போய்ப் பிறகு நடந்து தேடிப் போனார்கள். 1980-களில் போர் நடந்துகொண்டிருந்த ஆப்கானிஸ்தானின் மலைப் பகுதிகளுக்குள்ளும் போனார். பதிவேட்டில் பெயர் இருந்து மருந்து வாங்க வராதவரைத் தேடிப்போவது, நோயாளியின் வீட்டார் எல்லோரையும் ஆண்டுதோறும் சோதிப்பது ஆகிய இரண்டும் டெக்னீஷியனின் வேலையில் பாதி நேரத்தை விழுங்கும். விட்டுவிட்டால் மீதிப் பாதி வீண்.

அரசோடு ஒரு பேரம்

1968-இல் பாகிஸ்தான் அரசோடு சேர்ந்து தேசிய தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. தன்னார்வ நிறுவனங்கள் சறுக்கும் இடம் இது. தனியாக மருத்துவமனை மேல் மருத்துவமனை கட்டிக்கொண்டே போனால் வெளிநாட்டுப் பணம் நிற்கும் நாளில் எல்லாம் நிற்கும். முழுவதையும் அரசிடம் ஒப்படைத்தால் பதிவேடு தூசி படியும். ஃபாவின் குழு இடைப்பட்ட வழியைப் பிடித்தது: அரசு மருந்தகத்திலேயே தொழுநோய்க்கு இடம், டெக்னீஷியனுக்கு அரசு ஊழியர் நிலை, பயிற்சியும் மேற்பார்வையும் சிக்கலான நோயாளிக்கான மருத்துவமனையும் கராச்சி மையத்தின் பொறுப்பு. நாடு முழுவதும் 157 மையங்கள் உருவானது இந்த ஏற்பாட்டால்தான். 50,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் பதிவானார்கள். 1979-இல் அரசு ஃபாவைத் தொழுநோய்க்கான கூட்டாட்சி ஆலோசகராக நியமித்தது. ஜியாவுல் ஹக்கின் ராணுவ ஆட்சி இஸ்லாமியச் சட்டங்களை இறக்கிக்கொண்டிருந்த வேளை, ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி அமைச்சகத்தின் ஆலோசகர். பாகிஸ்தான் அரசின் ஹிலாலே இம்தியாஸ், ஹிலாலே பாகிஸ்தான் விருதுகள், 2002-இல் மகசேசே விருது என்று கௌரவங்களும் வந்தன. அவற்றைவிட அந்தப் பதவியே வேலைக்கு உதவியிருக்கும்: மாகாணச் செயலரின் அறைக்குள் நுழைய விருதைவிடப் பதவிதான் செல்லுபடியாகும்.

குணமான பிறகு

கிருமி போனாலும் மரத்த பாதம் மரத்ததுதான். நோயாளி தினமும் செய்யவேண்டியது: பாதத்தை அரைமணி நேரம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரம் இருக்கும்போதே எண்ணெய் பூசுவது. வெந்நீர் கூடாது, சூடு தெரியாத காலில் கொப்புளம் போட்டுவிடும். இரவில் கண்ணால் பார்த்துச் சிவப்போ கீறலோ தேடுவது. செருப்பின் உள்தளம் மென்மையான நுண்துளை ரப்பராகவும் அடித்தளம் முள் ஏறாத கெட்டி ரப்பராகவும் இருக்க வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டவோ தைக்கவோ வேண்டும். தமிழ்நாட்டுத் தொழுநோய் மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

உள்ளங்காலில் புண் வந்துவிட்டால் மருந்தைவிட முக்கியம் நடக்காமல் இருப்பது. கூலிக்காரரை ஆறு வாரம் நடக்காதே என்று சொல்ல எந்த மருத்துவராலும் முடியும். அந்த ஆறு வாரம் வீட்டில் அடுப்பு எரிய யார் ஏற்பாடு செய்வது? தொழுநோய் மையத்தில் சமூகப் பணிப் பிரிவு இல்லாமல் காலணிப் பட்டறையும் அறுவை அரங்கும் மட்டும் இருந்தால் அதே புண் மறுபடி மறுபடி வந்து நிற்கும். பள்ளிக் கட்டணம், வீட்டு உதவி, திருமண உதவி என்று டாக்டர் கில் தொடங்கி வளர்ந்த பிரிவை இரக்கம் என்ற கணக்கில் மட்டும் எழுத முடியாது. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

1996-க்குப் பிறகு

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் 10,000 பேருக்கு ஒரு பதிவு நோயாளிக்கும் குறைவு என்பது. இதில் ஒரு நெளிவு இருக்கிறது. பதிவேட்டில் இருப்பவர் என்றால் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர். சிகிச்சைக் காலத்தைப் பல ஆண்டிலிருந்து 24 மாதமாக்கினால் பதிவேடு தானாகவே மெலியும். உண்மையில் பார்க்கவேண்டியது ஆண்டுதோறும் எத்தனை புதியவர்கள், அவர்களில் எத்தனை பேர் கண்ணுக்குத் தெரியும் ஊனத்தோடு முதல்முறை வருகிறார்கள் என்பது. பாகிஸ்தானில் இன்றும் ஆண்டுக்குச் சில நூறு புதிய நோயாளிகள் வருகிறார்கள்.

ஃபாவ் இதை அறியாதவரல்ல. அறிவிப்பு வந்ததும் கடையைக் கட்டவில்லை. பதிவேடு வைக்கவும் மலையேறவும் மருந்தைக் கண்முன் விழுங்க வைக்கவும் பழகிய ஆட்கள் கையில் இருந்தார்கள். காசநோய்க்கு வேண்டியதும் அதே திறமைதான். அதைச் சேர்த்தார்கள், பார்வை இழப்புத் தடுப்பையும் சேர்த்தார்கள். தொழுநோய் மட்டும் என்றிருந்தால் ஒரு டெக்னீஷியனுக்கு ஆண்டுக்கு இரண்டு நோயாளிகூட வராத மாவட்டத்தில் அவரை வைத்திருக்க எந்த அரசும் சம்மதிக்காது. 2005 நிலநடுக்கத்திலும் 2010 வெள்ளத்திலும் இதே அமைப்பு நிவாரணத்துக்கு இறங்கியது.

2017 ஆகஸ்ட் 10 அன்று ஃபாவ் கராச்சியில் காலமானார். 19-ஆம் தேதி சதரிலுள்ள புனித பேட்ரிக் பேராலயத்தில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. கோரா கப்ரிஸ்தானில் அடக்கம் செய்தார்கள். கராச்சி சிவில் மருத்துவமனைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

மையத்தின் முன் இப்போதுள்ள சிக்கல் நோய் குறைந்ததால் வந்தது. ஆண்டு முழுதும் ஒரு தொழுநோயாளியைக்கூடப் பார்க்காத மருத்துவர் உணர்ச்சியற்ற தேமலைப் படர்தாமரை என்று களிம்பு எழுதி அனுப்புவார். இரண்டு ஆண்டு போய்விடும். காது மடலில் சரியாகக் கீறத் தெரிந்த பழைய டெக்னீஷியன்கள் ஓய்வு பெறுகிறார்கள், அந்த இடத்துக்கு ஆள் எடுப்பதில்லை. நோயாளியின் வீட்டாருக்கும் நெருங்கியவர்களுக்கும் ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை கொடுத்துத் தொற்றைக் குறைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வழிகாட்டுதலில் சேர்த்தது. அதைச் செய்யவும் முதலில் வீடு தேடிப் போகிற ஆள் வேண்டும். குணமாகிப் பெயர் நீக்கப்பட்டவர்களுக்கோ செருப்பு மாற்றும் தேவை ஆயுள் முழுக்க இருக்கிறது. மருந்துப் பதிவேட்டை மட்டும் பார்த்து நிதி ஒதுக்குகிறவரின் கணக்கில் அவர்கள் வருவதே இல்லை.